இடுப்பளவு உசரம்

ஏரிக்குள்ள கட்டின காலேஜ் இறங்கத்தான் செய்யும், இதுல வாயைப் பொளக்க ஒண்ணுமில்ல. எங்க ஊரு இன்ஜினியரிங் காலேஜ் ஒரு வைகாசியில இறங்க ஆரம்பிச்சுது, சுவத்துல ஒரு கீறல் விழாம, ஓடுற ஃபேன் நிக்காம, மேஜை மேல வச்ச டம்ளர் தண்ணி தளும்பாம, சாம்பார்ல போட்ட வடை மாதிரி நேராக் கீழ போச்சு, உள்ள இருந்த பிள்ளைங்களுக்கு மணி அடிச்சு வெளிய வரும்போது தரை கொஞ்சம் கிட்ட வந்த மாதிரி இருந்துச்சாம், அவ்வளவுதான். மறுநாளும் காலேஜ் நடந்துச்சு, நானும் எப்பவும் போல பால் காய்ச்சினேன்.

என் பேரு தனபாக்கியம். காலேஜ் கேட்டுக்கு எதிர்ல இருக்கிற டீக்கடை என்னோடது. கடை நிக்கிறது பழைய ஏரிக்கரை மேல, இப்ப அது ஹைவே. நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தப்ப கரைக்கு உள்பக்கம் பூரா தண்ணி, பெறகு தண்ணி வத்தின ஒரு கோடையில லாரி லாரியா மண்ணு வந்துச்சு, மண்ணு மேல காம்பவுண்டு வந்துச்சு, காம்பவுண்டுக்குள்ள காலேஜ் வந்துச்சு, காலேஜுக்கு எதிர்ல நான் வந்தேன். குறை சொல்லல, என் பொழப்பும் அதுலதான் ஓடுது. என் பெஞ்சுக்குப் பக்கத்துல ஒரு கருங்கல்லு நட்டிருக்கும். ஏரி நிறைஞ்சா தண்ணி எதுவரைக்கும் ஏறும்னு காட்டறதுக்காக எந்தக் காலத்துலயோ யாரோ நட்ட கல்லு. தண்ணி வந்து அதோட தலையைத் தொட்டா ஏரி நிறைஞ்சுதுன்னு அர்த்தம், அதுக்கு மேல ஒரு சொட்டு ஏறாது, அடுத்த ஊரு ஏரிக்கு வழிஞ்சு போயிடும். ஏரி போச்சு, கல்லு மட்டும் நின்னுது. சிவில் படிக்கிற பசங்க அது தலையில வெள்ளை பெயிண்டுல பி.எம்.னு எழுதி வச்சிருந்தாங்க. உசரம் அளக்கிறதுக்கு அதுதான் தொடக்கமாம், எதை அளந்தாலும் அந்தக் கல்லுல ஆரம்பிச்சு அந்தக் கல்லுலயே வந்து முடிக்கணுமாம்.

சிவில் பசங்களுக்கு வருஷா வருஷம் ஒரு பாடம் உண்டு. மூணுகால் ஸ்டாண்டு மேல ஒரு குழாயை வச்சு, கோடு போட்ட நீளக் கட்டையை ஒருத்தன் கல்லு மேல நட்டுப் பிடிக்க, இன்னொருத்தன் குழாய்க்குள்ள பார்த்து ரீடிங் எடுத்து, அப்படியே நகர்ந்து நகர்ந்து போயி, காலேஜ் வராண்டா இந்தக் கல்லைவிட எவ்வளவு உசரம்னு கண்டுபிடிக்கணும். முதல் செட்டுப் பசங்க நிஜமாவே வெயில்ல நின்னு அளந்தாங்க, என் கண்ணால பார்த்தேன். இடுப்பளவு உசரம்னு வந்துச்சு. அதாவது என்னைக்காவது ஏரி திரும்பி நிறைஞ்சாலும் வராண்டாவுல தண்ணி ஏறாது, நிம்மதியா இருக்கலாம்னு அர்த்தம். அடுத்த செட்டு, விடைதான் தெரியுமே, எதுக்கு வெயில்ல நின்னு மண்டையைக் காய வைக்கணும்னு என் பெஞ்சுல உட்கார்ந்தாங்க. டீயும் சமோசாவும் சொல்லிட்டு, விடையைக் கையில பிடிச்சுக்கிட்டு, அங்கிருந்து பின்னாடியே நடந்து வந்து, இந்த ரீடிங் இவ்வளவு, அந்த ரீடிங் அவ்வளவுன்னு எழுதினாங்க. அதுக்கடுத்த செட்டும் எழுதுச்சு. அதுக்கடுத்ததும். விடை சரியா இருந்தா சாருங்களுக்கு என்ன வந்துச்சு, அவங்களும் டிக் போட்டுக் கொடுத்தாங்க. இடுப்பளவு, இடுப்பளவு, இடுப்பளவுன்னு எத்தனை பிள்ளைங்க எழுதிச்சுங்களோ சாமிக்குத்தான் தெரியும், குழாயும் ஸ்டாண்டும் என் கடை ஓரத்துல சும்மா சாஞ்சு நிக்கும், நான் அதுல துணி காயப் போடுவேன்.

அதனால காலேஜ் இறங்கினப்ப, இறங்குதுன்னு எடுத்துச் சொல்ல யார்கிட்டயும் கணக்கு இல்ல. முதல்ல கடைசிப் படியைக் காணோம். மழையில மண்ணு சேர்ந்துடுச்சுன்னு வாட்ச்மேன் பெருக்கித் தள்ளிட்டுப் போயிட்டான். அப்புறம் எல்லாப் படியும் காணாம போயி, வராண்டாவும் தரையும் ஒண்ணாச்சு, அது சக்கர நாற்காலியில வர்றவங்களுக்காகச் செஞ்ச வசதின்னு ஆபீஸ்ல போர்டு மாட்டினாங்க. வராண்டா மண்ணுக்குள்ள போனப்பதான் காலேஜ் தாளாளர் ஒரு வாஸ்துக்காரரைக் கூட்டிட்டு வந்தாரு. அந்தாளு எலுமிச்சம்பழத்தை உருட்டிப் பார்த்துட்டு, பூமாதேவி கட்டடத்தை மடியில எடுத்து வச்சுக்கிறா, இது கோடியில ஒருத்தருக்கு வாய்க்கிற யோகம்னு சொல்லி சால்வை வாங்கிட்டுப் போனாரு. தாளாளருக்கு அதுக்கப்புறம் ஒரு கவலையும் இல்ல. கீழ ஒரு மாடி போனா மேல ஒரு மாடி கட்டச் சொன்னாரு, வெளிய இருந்து பார்க்கிறவனுக்குக் காலேஜ் எப்பவும் அதே உசரந்தான். மேல கட்டக் கட்ட பாரம் ஏறி இன்னும் வேகமா இறங்குச்சு, இறங்க இறங்க இன்னும் வேகமா கட்டினாங்க, கொத்தனாருங்க சாரத்தை விட்டு இறங்கவே இல்ல, கையில வேலை இருக்கேன்னு ஊரும் சந்தோஷப்பட்டுச்சு. மாடிங்களோட பேரை மாத்தி மாத்தி எழுதறதுக்குன்னே ஒரு பெயிண்டர் சம்பளத்துக்கு இருந்தான், நேத்து முதல் மாடி, இன்னைக்கு தரைத்தளம். வழவழன்னு அச்சடிச்ச புத்தகத்துல, பூமிக்கடியில ஆய்வகம் வச்சிருக்கிற ஒரே கல்லூரின்னு போட்டு அதுக்குத் தனியா ஃபீஸ் வச்சாங்க. பெத்தவங்களும் முணுமுணுக்காம கட்டினாங்க.

பூமிக்கடியில போனது யாருன்னு நினைக்கிறீங்க, சிவில் பிள்ளைங்கதான். காங்கிரீட் உடைக்கிற மெஷினு, கம்பி இழுக்கிற மெஷினுன்னு அவங்க சாமான் எல்லாம் கனம், மாடியில வைக்க முடியாது, அதனால அவங்க டிபார்ட்மென்ட் ஆரம்பத்துலருந்தே தரைத்தளத்துல. கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைங்க ஏசி ரூமோட மேல மேல போயிட்டே இருந்துச்சுங்க, சிவில் பிள்ளைங்க கீழ கீழ போயிட்டே இருந்துச்சுங்க. உள்ள படிக்கட்டு இருந்துச்சு, இல்லன்னு சொல்லல, ஆனா சேத்துக் காலோட ஏறி வந்து மாடி டைல்ஸை அழுக்காக்குறாங்கன்னு அதுக்கு கிரில் கேட் போட்டுப் பூட்டிட்டாங்க. வெளிப்பக்கம் வராண்டாவுக்கு நேரா கிணறு மாதிரி ஒரு குழி வெட்டி, இரும்பு ஏணி வச்சுக் கொடுத்தாங்க. பிள்ளைங்க தோள்ல பையை மாட்டிக்கிட்டு ஏணியில இறங்கி, பூமிக்கடியில உட்கார்ந்து கட்டடம் கட்டறது எப்படின்னு படிச்சிட்டு, சாயங்காலம் ஏறி வந்துச்சுங்க. நான் பால் வாளியில டீ டம்ளருங்களை அடுக்கி, கயிறு கட்டிக் குழிக்குள்ள இறக்குவேன். முதல்ல துணி காயப் போடுற கயிறே போதுமா இருந்துச்சு. அப்புறம் ஒட்டுப் போட்டேன். ஒட்டுக்கு ஒட்டுப் போட்டேன். கடைசியில மாடு பூட்டித் தண்ணி இறைக்கிற கமலைக் கயிறு மாதிரி ஒரு சுமை கயிறு என் கடையில தொங்குச்சு.

கோடையில கீழ ஊத்து அடிச்சுது. ஏரி எங்க போயிருக்கும், அங்கதான இருக்கும். காங்கிரீட் கட்டியை ஊற வைக்கிற தொட்டியில கெளுத்தி மீனு துள்ளுச்சு. ஊர்ப் பொம்பளைங்க குடத்தோட குழி ஓரத்துல வரிசை கட்டினாங்க, ரெண்டு நாள் விட்டுட்டு மூணாம் நாள் அவங்களை விரட்டிட்டு தாளாளர் அந்தத் தண்ணியைக் கேன்ல அடைச்சு விக்க ஆரம்பிச்சாரு. காலேஜ் இழுத்த இழுப்புல சுத்தியிருந்த மைதானமும் சாப்பாட்டுத் தட்டு மாதிரி குழிஞ்சு போச்சு, அங்க கிரிக்கெட் ஆடுறவங்களுக்கு பந்து தானா உருண்டு நடுவுக்கு வந்துடுதுன்னு சந்தோஷம். மனுஷன் எதுக்கு வேணும்னாலும் பழகிடுவான், இந்த ஊரு மனுஷன் கொஞ்சம் சீக்கிரமாவே பழகிடுவான்.

அந்தச் சமயத்துலதான் செவ்வந்தி வந்தா. பாலிடெக்னிக் முடிச்சிட்டு நேரா ரெண்டாம் வருஷத்துல சேர்ந்த பொண்ணு. அவ அப்பா ஏகாம்பரம் லாரி டிரைவர், ஏரியை மூட மண்ணடிச்ச லாரிங்கள்ல ஒண்ணு அவர் ஓட்டினதுதான். பொண்ணுக்கு இருந்தது ஒரே ஆசை, பொதுப்பணித்துறையில ஏரிக்கு இன்ஜினியரா வரணும், மதகுச் சாவி என் கையில இருக்கணும்க்கான்னு சொல்வா. அதுக்குப் பட்டம் வேணும், பட்டத்துக்கு இந்த உசரம் அளக்கிற பாடமும் பாஸாகணும். மத்த பிள்ளைங்க பெஞ்சுல உட்கார்ந்து சமோசா சொன்னப்ப, இவ வந்து, உங்க துணியை எடுத்துக்குங்கக்கான்னு சொல்லி ஸ்டாண்டைத் தூக்கிட்டுப் போயி வெயில்ல நட்டா. அது அந்தக் காலத்துக் குழாய், அதுல பார்த்தா எல்லாம் தலைகீழாத் தெரியும். என்னையும் ஒருநாள் பார்க்கச் சொன்னா. பார்த்தா, காலேஜ் வானத்துல தொங்கிக்கிட்டு மேல மேல ஏறிட்டிருந்துச்சு. நான் விழுந்து விழுந்து சிரிச்சேன், அவ சிரிக்கல.

கல்லுல ஆரம்பிச்சு, குழி ஓரம் வந்து, டேப்புல எடை கட்டித் தொங்கவிட்டு வராண்டாவைத் தொட்டு, மறுபடி கல்லுக்கே வந்து முடிச்சா. அவ கணக்குல வராண்டா கல்லைவிட இடுப்பளவு மேல இல்ல, ஒரு பனைமர ஆழம் கீழ. இதுல புரியறதுக்கு என்ன இருக்கு, எனக்கே புரிஞ்சுது. ஐப்பசி மழையில ஏரி நிறைஞ்சா தண்ணி கல்லு மட்டத்துக்கு வந்து நிக்கும், அப்ப கீழ உட்கார்ந்து படிக்கிற பிள்ளைங்க தலைக்கு மேல ஒரு பனை தண்ணி. மழைக்கு முன்னாடி அந்தத் தளத்தைக் காலி பண்ணிடணும், இதைத்தான் அவ கேட்டா, வேற ஒண்ணும் கேக்கல.

சிவிலுக்குத் தலைவர் பரந்தாமன் சார். கெட்ட மனுஷன்னு சொல்ல மாட்டேன். மாசக்கணக்கா சம்பளம் வராம, சட்டைக் காலரைத் திருப்பித் தைச்சுப் போட்டுக்கிட்டு, டிபார்ட்மென்ட்டை மூடிட்டா இந்த வயசுல எங்க போறதுன்னு பயந்துக்கிட்டு இருந்த மனுஷன். அவர் அவ எழுதினதைப் பார்த்துட்டு விடை தப்புன்னு திருப்பிக் கொடுத்துட்டாரு. அவ மறுபடி அளந்தா. அதுக்குள்ள காலேஜ் இன்னும் இறங்கிடுச்சு, விடை மாறிப் போச்சு. மறுபடி அளந்தா, மறுபடி மாறுச்சு. பார்த்தியா, உனக்கு ஒரு தடவை வந்த விடை மறு தடவை வரல, மத்தவங்க எல்லாருக்கும் வருஷக்கணக்கா ஒரே விடை வருது, இப்ப யார் ரீடிங்கை நம்பறதுன்னு நீயே சொல்லுன்னு கேட்டாராம். கேள்வி நியாயமாத்தான் இருந்துச்சு, அதுதான் வயித்தெரிச்சல். அவர் கையெழுத்துப் போடல, கையெழுத்து இல்லன்னா பட்டம் இல்ல.

ஏகாம்பரம் அண்ணன் லாரியை என் கடை முன்னாடி நிறுத்திட்டு இறங்கி வந்தாரு. பொண்ணை பெஞ்சுல உட்காரச் சொன்னாரு, அவ நின்னுக்கிட்டே இருந்தா.

"எல்லாரும் எழுதறதை எழுதிட்டு வாம்மா. நான் கொட்டின மண்ணு, எனக்குத் தெரியாதா, ஒண்ணும் ஆகாது."

"நீங்க கொட்டினீங்கப்பா. அளக்கலையே."

அவர் நான் கொடுத்த டீயை ஆற விட்டு, ஆடை படிஞ்சதும் ஒரே மடக்கா குடிச்சிட்டு லாரியை எடுத்துட்டுப் போயிட்டாரு.

அவளோட கடைசி வருஷத்துல, சிவிலை நடத்தலாமா வேண்டாமான்னு பார்க்க ஆய்வுக்குழு வர்றதா இருந்துச்சு. காலேஜ் இறங்குதுன்னு யாரோ அவங்க காதுல போட்டுட்டாங்க போல, எங்க கண்ணு முன்னாடி ஒரு ஸ்டூடண்ட் உசரம் அளந்து காட்டணும்னு சொல்லிட்டாங்க. பரந்தாமன் சார் யோசிக்கவே இல்ல, செவ்வந்தியே அளக்கட்டும்னுட்டாரு. எனக்குக்கூட மனசு குளிர்ந்துச்சு, மனுஷன் கடைசியில திருந்திட்டாருன்னு நினைச்சேன். மறுநாள் காலையில என் கடைக்கு முன்னாடி பொக்லைன் வந்து நின்னுச்சு.

ரோடு அகலப்படுத்தப் போறாங்க, பழைய கல்லு, பத்திரமா வேற இடத்துல நடணும்னு சொன்னாங்க. என் பெஞ்சை நகத்திப் போட்டுட்டு கல்லைத் தோண்டி எடுத்தாங்க. நான் கத்தினேன், யார் காதுல விழுந்துச்சு. கல்லைக் குளிப்பாட்டி, புது வேட்டி சுத்தி, மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வச்சு, மேளத்தோட குழிக்குள்ள இறக்கினாங்க. கீழ, சிவில் வராண்டாவுக்குப் பக்கத்துலயே, வராண்டாவைவிட சரியா இடுப்பளவு தாழ அதை நட்டாங்க. ஊர்ஜனம் குழி ஓரத்துல நின்னு கன்னத்துல போட்டுக்கிச்சு. எல்லாருக்கும் சக்கரைப் பொங்கல் கொடுத்தாங்க, நெய் மணக்க மணக்க இருந்துச்சு, அதைச் சொல்லணும்.

செவ்வந்தி ஓடி வந்து பரந்தாமன் சார் முன்னாடி நின்னா. அவ கத்தல, சின்னப் பிள்ளை கேக்கிற மாதிரி கேட்டா.

"கல்லை இறக்கிட்டீங்க சார். தண்ணிக்கு யார் சொல்வாங்க?"

அவர் அவ முகத்தைப் பார்க்காம, அந்தக் கல்லுலருந்து வராண்டா எவ்வளவு உசரங்கிறதுதான் கேள்வி, கேட்டதுக்கு மட்டும் பதில் எழுதும்மான்னு சொன்னாரு. ஆய்வுக்குழு வந்துச்சு. அவ ஏணியில இறங்கி, குழாயை நட்டு, கல்லு மேல கட்டையைப் பிடிக்கச் சொல்லி, அளந்தா. கண்ணுல தண்ணி முட்டினா கோடு தெரியாதுன்னு துடைச்சுத் துடைச்சுப் பார்த்தாளாம். அந்தப் பொண்ணுக்குக் குழாய்ல தெரிஞ்சதைத்தான் எழுதத் தெரியும், வேற எழுதத் தெரியாது. இடுப்பளவு உசரம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா. அதுல ஒரு மயிரிழை பொய் கிடையாது.

குழுத் தலைவர் அவளுக்குக் கை கொடுத்தாரு. முழு மார்க்கு. பரந்தாமன் சார் அவ எழுதின தாளை ஃபிரேம் போட்டு சிவில் வராண்டா சுவத்துல மாட்டினாரு, பி.எம். கல்லுக்கு மேல இடுப்பளவுன்னு அவ எழுத்து கொட்டை கொட்டையா தெரிஞ்சுது. பொய்யே எழுதாத பொண்ணு, பட்டமே போனாலும் பரவாயில்லன்னு நின்ன பொண்ணு, அவளே அளந்துட்டான்னு காலேஜ் பூரா பேச்சு. அது வரைக்கும் ஏணியில ஒவ்வொரு படியா பார்த்துப் பார்த்து இறங்கின பிள்ளைங்ககூட அதுக்கப்புறம் பாட்டுப் பாடிக்கிட்டு இறங்குச்சுங்க. அன்னைக்கு சாயங்காலம் அவ என் கடைக்கு வந்து, முதல் தடவையா அந்த பெஞ்சுல உட்கார்ந்தா. கல்லு இருந்த பள்ளத்தையே பார்த்துக்கிட்டு இருந்தா.

"நான் பொய் எழுதலக்கா," அப்படின்னா. "எழுதியிருந்தா நல்லா இருந்திருக்கும். பொய்ய யாரும் இவ்வளவு நம்பியிருக்க மாட்டாங்க."

எனக்கு அழுகை வந்துடுச்சு. ஒரு டீயைப் போட்டுக் கொடுத்துட்டு, அடுப்பைத் தூண்டி விட்டேன்.

பரீட்சை முடிஞ்சு போச்சு, அவ நினைச்சிருந்தா வீட்டோட இருந்திருக்கலாம், பட்டம் தபால்ல வந்திருக்கும். அவ தினமும் வந்தா. ஏணியில இறங்கி, ஜூனியர் பிள்ளைங்ககிட்ட மேல வந்துடுங்கன்னு கெஞ்சிட்டு, தனியா ஏறி வருவா. பிள்ளைங்க மரியாதையாத்தான் பேசிச்சுங்க, ஆனா சுவத்தைக் காட்டிச்சுங்க. ஐப்பசி பொறந்துச்சு, மழையும் பிடிச்சுக்குச்சு. மழைன்னா அப்படி ஒரு மழை, வானத்துல ஓட்டை விழுந்த மாதிரி, விடியறதும் தெரியல, பொழுது போறதும் தெரியல. பள்ளிக்கூடத்துக்கெல்லாம் லீவு விட்டாங்க, காலேஜ்ல டெஸ்ட்டு, வராதவங்களுக்கு அட்டெண்டன்ஸ் போயிடும்னு சொல்லிட்டாங்க. மைதானத்துத் தட்டுல தண்ணி சேர்ந்து, நடுவுல இருந்த குழியைப் பார்த்து நகர ஆரம்பிச்சுது. நான் ஆபீசுக்கு ஓடி உள் படிக்கட்டு கிரில் சாவியைக் கேட்டேன். சாவி மேனேஜர்கிட்ட, மேனேஜர் சென்னையில, நீங்க எதுக்கு இவ்வளவு பதட்டப்படுறீங்கன்னு ஆபீஸ்ல இருந்த பொண்ணு கேட்டுட்டு செல்போனைப் பார்க்க ஆரம்பிச்சுட்டா. நான் திரும்பி வர்றதுக்குள்ள செவ்வந்தி தொப்பலா நனைஞ்சு ஏணியில இறங்கிட்டிருந்தா. நான் கயித்தை எடுத்துக்கிட்டுக் குழி ஓரத்துக்கு ஓடினேன்.

கீழ பேசறது கிணத்துக்குள்ள பேசற மாதிரி தெளிவாக் கேட்டுச்சு. எல்லாரும் எழுந்து வாங்க, தண்ணி வருதுன்னு அவ சொன்னா. பெஞ்சு இழுபடுற சத்தம் கேட்டுச்சு, பிள்ளைங்க எழுந்துச்சுங்க போல. அப்ப பரந்தாமன் சார் குரல். அதுல கோபம் இல்ல, பாடம் நடத்துற குரல்தான்.

"செவ்வந்தி, இந்தச் சுவத்துல இருக்கிறது உன் கையெழுத்துத்தானே?"

"ஆமா சார்."

"அளந்து பார்த்துத்தானே எழுதின?"



"ஆமா சார்."

"அப்ப உட்காரும்மா. பிள்ளைங்களைக் கலைக்காத."

பெஞ்சு மறுபடி இழுபடுற சத்தம் கேட்டுச்சு. நான் கயித்தை இறக்கிட்டு, பிடிச்சுக்கிட்டு நீயாவது ஏறி வாடி என் கண்ணுன்னு கத்தினேன். அவ ஏணிக்குக் கிட்ட வந்து தலையைத் தூக்கிப் பார்த்தா. இவங்க நான் எழுதினதை நம்பித்தான உட்கார்ந்திருக்காங்க, விட்டுட்டு எப்படிக்கான்னு கேட்டா. நான் கயித்தை இன்னும் இறக்கினேன். அதுக்குள்ள தண்ணி என் கால் இடுக்குல புகுந்து, வழி தெரிஞ்ச ஆள் மாதிரி குழிக்குள்ள இறங்குச்சு.

ஏரி திரும்பி வந்துச்சு. காம்பவுண்டு சுவத்தை ஏறிக் குதிச்சு, மைதானத்தை மூடி, கரை மேல ஏறி என் கடை வாசலுக்கு வந்துச்சு. பெஞ்சுக்குப் பக்கத்துல கல்லு இருந்த பள்ளத்துக்கு வந்து, அந்தக் கல்லோட தலை எங்க இருந்துச்சோ அந்த இடத்தைத் தொட்டுட்டு நின்னுச்சு. கல்லைத்தான் நகத்தினாங்க, தண்ணிக்கு இடம் மறக்கல. நான் கயித்தை இழுத்தேன், அது கனமே இல்லாம வந்துச்சு.

மறுநாள் காலையில, எப்பவும் வகுப்புல பேர் கூப்பிடுற நேரத்துக்கு, தண்ணிக்கு மேல ஒரு கொப்புளம் வந்து உடைஞ்சுது. அப்புறம் இன்னொண்ணு. வரிசையா, அவசரமில்லாம, ஒவ்வொருத்தரா உள்ளேன் ஐயா சொல்ற மாதிரி. ஆபீஸ்ல இருந்து ஒருத்தர் குடை பிடிச்சுக்கிட்டு வந்து எண்ணிப் பார்த்துட்டு, முழு அட்டெண்டன்ஸ், வகுப்பு நடந்துட்டுதான் இருக்குன்னு போர்டுல எழுதிப் போட்டாரு. பெத்தவங்க அலறிக்கிட்டு வந்தாங்க, கரையில விழுந்து புரண்டாங்க, கொப்புளத்தைக் காட்டினதும் கொஞ்சம் அடங்கினாங்க, படிப்பு கெடலையேன்னு ஒருத்தர் சொன்னதும் இன்னும் அடங்கினாங்க. டிபன் கேரியர்ல சோறு கட்டிக் கொண்டு வந்து, படகுல போயி குழிக்கு நேரா என் கயித்துல இறக்கினாங்க, காலியா மேல வந்துச்சு. பிள்ளைங்க தின்னுச்சுங்களா மீனு தின்னுச்சான்னு யாரும் கேக்கல, நானும் கேக்கல. அந்த வருஷம் சிவில்ல எல்லாரும் பாஸ். ஏரி நிறைஞ்சதால கிணறுங்கள்ல தண்ணி ஊறிச்சு, ரெண்டு போகம் விளைஞ்சுது, ஊரு செழிப்பா இருக்கு. என் வாயில நல்லா வந்துடும்.

ஏகாம்பரம் அண்ணன் வெள்ளிக்கிழமைதோறும் வருவாரு. லாரியை ஓரங்கட்டிட்டு, பெஞ்சுல உட்கார்ந்து கொப்புளத்தைப் பார்ப்பாரு. வகுப்புப் பேரெல்லாம் முடிஞ்சப்புறம், யாரும் கூப்பிடாமலே கடைசியா ஒண்ணு வரும். அது எம் பொண்ணு, தங்கச்சின்னு சொல்வாரு. ஒரு வெள்ளிக்கிழமை சட்டைக்குள்ள இருந்து ஒரு தாளை எடுத்தாரு. பட்டம் வந்துடுச்சு, பிளாஸ்டிக் ஒட்டி வச்சிருந்தாரு. கீழ கொடுத்து விடறியான்னு கேட்டாரு. படகுல அண்ணனையும் கூட்டிட்டுப் போயி, குழிக்கு நேரா நான் வாளியில வச்சு இறக்கினேன். ரெண்டு பேரும் காத்துக்கிட்டு இருந்தோம். அப்புறம் மேல இழுத்தேன். பட்டம் வாளியிலயே இருந்துச்சு, அவ எடுத்துக்கல. அண்ணன் அதை வாங்கிட்டுக் கரைக்கு வந்து, பழைய ஸ்டாண்டு மேல காயப் போட்டுட்டு, காயற வரைக்கும் உட்கார்ந்திருந்தாரு.

காலேஜ் இன்னும் இருக்கு. தண்ணிக்கு மேல இருக்கிற மாடிங்கள்ல கம்ப்யூட்டர் வகுப்பு நடக்குது, பிள்ளைங்க படகுல போகுதுங்க, படகுக்குத் தனி ஃபீஸ். சிவிலுக்கும் புது செட்டு சேர்ந்துடுச்சு, அவங்களுக்குத் தண்ணியை ஒட்டின தளத்துல ரூம் கொடுத்திருக்காங்க, கனமான சாமான் பாருங்க. போன வாரம் அந்தப் பிள்ளைங்க குழாயும் கட்டையுமா வந்து, அக்கா இங்க பி.எம். கல்லு எங்க இருக்குன்னு கேட்டுச்சுங்க. நான் தண்ணியைக் காட்டினேன். சரின்னுட்டு பெஞ்சுல உட்கார்ந்து, டீயும் சமோசாவும் சொல்லிட்டு, செல்போன்ல ஒரு போட்டோவை எடுத்து வச்சுக்கிட்டு எழுத ஆரம்பிச்சுதுங்க. எட்டிப் பார்த்தேன். ஃபிரேம் போட்ட அந்தத் தாள். அந்தக் கொட்டை எழுத்து.

எழுந்து போய் அளங்கடா பாவிங்களான்னு கத்தினேன். ஒரு பொண்ணு என்னைப் பார்த்துச் சிரிச்சிட்டு, ரொம்ப ஆசையா சொன்னா.

"இது செவ்வந்தி அக்கா ரீடிங்க்கா. அவங்க அளந்தா அளந்ததுதான். பொய்யே எழுத மாட்டாங்களாம்."

எல்லாரும் இடுப்பளவு உசரம்னு எழுதி முடிச்சு, டம்ளரை வச்சிட்டு, படகுல ஏறிப் போச்சுங்க. அவங்க ரூம் ஜன்னல் போன மாசம் தண்ணிக்கு மேல நல்லாத் தெரிஞ்சுது, இப்ப அதோட கீழ்க் கட்டையைக் காணோம். நான் கடையைச் சாத்திட்டு, பஸ் ஏறி டவுனுக்குப் போயி, இன்னும் கொஞ்சம் கயிறு வாங்கிட்டு வந்தேன்.